தபால்காரர் பதில்கள்: ஒழுங்கையும் வடிகானும் பதினொரு வாக்கும்

கடந்த இதழில் ‘உங்கள் வட்டார உறுப்பினர் உங்கள் ஒழுங்கைக்கு என்ன செய்தார் என்று எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அது வினையாகிவிட்டது. ஒரு சீமெந்துப் பை நிறையக் கடிதங்கள். 31 வருடம் ஊராரின் கடிதங்களைச் சுமந்தவனுக்கு இப்போதுதான் தன் பெயருக்கு ஒரு பை வந்திருக்கிறது. அதிலும் பாதி ஏச்சு.

புதிய வாசகர்களுக்காக ஒரு அறிமுகம். நான் திருகோணமலையில் சைக்கிளில் தபால் விநியோகித்தவன். 2017இல் ஓய்வு பெற்றேன். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு வட்டாரத்தில் வென்று, 2023 மார்ச் 19 வரை உறுப்பினராக இருந்தேன். எந்தச் சபை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் அரைவாசிப் பேர் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். மற்ற அரைவாசிப் பேர் தப்பான காரணத்துக்காக வாசிப்பார்கள்.

மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். உறுப்பினரிடம் போனால் ‘அது எங்கள் வீதி இல்லை’ என்கிறார். தண்ணீர் என்ன சொந்தக்காரனைக் கேட்டா வருகிறது? இது தட்டிக்கழிப்புத்தானே ஐயா?
*— வாசகி, பாலையூற்று*

பாதி தட்டிக்கழிப்பு, பாதி உண்மை. உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கால் படுகிற வீதிகளுக்கெல்லாம் ஒரே சொந்தக்காரர் இல்லை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டி வீதி ஏ-6. நிலாவெளிப் பக்கமாகப் புல்மோட்டைக்குப் போவது பீ-424. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. எஞ்சிய சின்ன வீதிகளும் ஒழுங்கைகளும் நகரசபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. உங்கள் ஒழுங்கைத் தண்ணீர் பெரிய வீதியோரத்து வடிகானில் விழுந்த கணத்திலேயே அதற்கு வேறு கந்தோர் வந்துவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கால் நனைந்து படித்தேன். என் வட்டாரத்தில் 23 படலைகள் உள்ள ஒரு ஒழுங்கை. கார்த்திகையில் அதற்குள் சைக்கிளை உருட்ட முடியாது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பேன். 2017இல் நாடு முழுவதும் டெங்கு பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் நோய் கண்டார்கள்; கிண்ணியாவில் மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இங்கே எங்கள் ஒழுங்கையிலும் இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தேங்கிய தண்ணீர் மாசி வரை வற்றவில்லை. நான் தேர்தலுக்கு நின்றதற்கு அந்த ஒழுங்கையைத் தவிர வேறு கொள்கை எதுவும் கிடையாது.

உறுப்பினரானதும் முதலில் செய்த வேலை, பங்குனி வெயிலில் ஒரு தடியோடு அந்த வடிகானின் வழியே நடந்ததுதான். மழை நேரத்தில் போய்ப் பார்ப்பவர்களுக்குத் தண்ணீர்தான் தெரியும். தண்ணீரை மறிப்பது என்னவென்று காய்ந்த பிறகுதான் தெரியும். ஒழுங்கை வடிகான் சபையினுடையது. அது போய் விழும் வீதியோர வடிகானும் வீதியைக் கடக்கும் மதகும் வீதிக்காரருடையவை. மதகைத் தாண்டினால் பற்றை மூடிய அரச காணி. அதற்குப் பிரதேச செயலகம். கடைசியில் கடலில் விழும் இடம் கரையோர வலயம். அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்காமல் மண்வெட்டி போடக்கூடாது. அரைக் கிலோமீற்றர் கூட இல்லாத தண்ணீருக்கு நான்கு கந்தோர்.

நான்கு கடிதம் எழுதினேன். நான்கு பதில் வந்தது. நான்கும் சரியான பதில்; எங்கள் பகுதியில் தடையில்லை என்று ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் பார்த்து எழுதியிருந்தார்கள். தண்ணீர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு வழியை மாற்றினேன். கடிதம் எழுதாமல் ஒரு படம் வரைந்தேன். ஒழுங்கை, வடிகான், மதகு, பற்றை, கடல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். அதில் நான்கு பிரதி எடுத்து, நான்கு பேரையும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே மதகின் மேல் நிற்கும்படி கேட்டேன். ஒருவர் வருகிறார் என்று மற்றவரிடம் சொன்னேன், மற்றவர் வருகிறார் என்று இவரிடம் சொன்னேன். சொன்ன நேரத்தில் இரண்டுமே பொய். ஆனால் ஒன்பதரை மணிக்கு நான்கு பேரும் வந்து இறங்கியபோது இரண்டுமே உண்மையாகிவிட்டன. ஒழுங்கையில் ஒரு அம்மா குழல்புட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். அதிகாரிகள் தின்பதற்காக வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தின்றதால் பதினொரு மணி வரை நின்றார்கள்.

மதகைத் தோண்டியபோது ஒரு இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு டயர், மூன்று தென்னங்குற்றி, ஒரு கிணற்றுக் கப்பி வெளியே வந்தன. கப்பியை ஒருவர் தன்னுடையது என்று அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அது எப்படி மதகுக்குள் போயிற்று என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மழைக்கும் தண்ணீர் நின்றது. தடை இன்னொரு இடத்திலும் இருந்தது, மேலே, ஒழுங்கைக்குள்ளேயே. அதைப் பற்றி இன்னொரு வாசகர் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். அங்கே சொல்கிறேன்.

உங்கள் உறுப்பினரிடம் இனிப் போகும்போது ‘அது யாருடைய வீதி?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால் அது தட்டிக்கழிப்பு. தெரியும், அவர்களுக்கு எழுதியிருக்கிறேன் என்றால் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள். எழுதியவர் உடனே எடுத்துத் தருவார். எழுதாதவர் தேநீர் தருவார்.

திருகோணமலைக்குப் பாராளுமன்றத்தில் நான்கு ஆசனம் இருக்கிறது. நான்கு பேரையும் விட்டுவிட்டு வடிகானுக்காக வட்டார உறுப்பினரிடம் ஏன் போக வேண்டும்?
*— வாசகர், உவர்மலை*

போகலாம். பாராளுமன்ற உறுப்பினருக்குப் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் என்று ஒரு நிதி உண்டு. 1974இல் தொடங்கிய ஏற்பாடு. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், பணம் மாவட்டச் செயலகத்தின் வழியே போகும். சனசமூக நிலையத்துக்குக் கதிரை, பாடசாலைக்கு மதில், ஒழுங்கைக்குக் கொங்கிரீட் எல்லாம் அதில் வரும். ஆனால் கொங்கிரீட் போடுவது ஒரு நாள் வேலை. வடிகானைத் துப்பரவாக வைத்திருப்பது 365 நாள் வேலை. திறப்பு விழாவுக்கு ஆள் வரும், துப்பரவுக்கு வராது. ஒரு ஊரில் மதகைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இடையில் மாகாண சபை என்று ஒன்று இருந்தது. இப்போதும் கட்டடம் நம் ஊரில்தான் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரின் நிருவாகம்தான். உள்ளூராட்சிச் சபைகளும் அப்படித்தான் ஒரு காலம் வெறுமையாகக் கிடந்தன. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது.

அந்த இரண்டு வருடமும் ஆட்கள் என் வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ‘நான் இப்போது உறுப்பினர் இல்லை, சபை கலைந்துவிட்டது’ என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். ‘சபைதானே கலைந்தது, வடிகான் கலையவில்லையே’ என்றார். உட்காரச் சொல்லிப் பேப்பரை எடுத்தேன்.

கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போது பட்டணம் முழுவதும் திரிகின்றன. வெளியூரார் படம் எடுக்கிறார்கள். நாங்கள் காலையில் எழுந்தால் குப்பைப் பை கிழிந்து முற்றம் எல்லாம் பரவிக் கிடக்கிறது. சபை இவற்றைப் பிடித்துக் காட்டில் விட முடியாதா?
*— வாசகி, மனையாவெளி*

முடியாது. புள்ளிமான் வனசீவராசிகள் திணைக்களத்தின் பிள்ளை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றுக்குக் காவல். சபை பிடித்தால் சபைதான் வழக்குக்குப் போக வேண்டும். தவிர, பிரட்றிக் கோட்டை வாசலில் நின்று கோணேசரிடம் போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தைக் காட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

எனக்கும் மானோடு ஒரு வழக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஒரு வீட்டுக்காரரிடம் பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் தொங்கிய பைக்குள் ஒரு கலைமான் தலையை விட்டு ஒரு கல்யாண அழைப்பிதழை இழுத்துத் தின்றுவிட்டது. பசை இனித்திருக்க வேண்டும். மணமகன் பெயர் முழுவதும் மானின் வயிற்றில். உரிய வீட்டுக்குப் போய் எஞ்சிய துண்டைக் கொடுத்து, ‘ஆவணியில் ஏதோ ஒரு நாள், பெண் வீட்டார் உப்புவெளி’ என்று சொன்னேன். அவர்கள் சரியாகக் கண்டுபிடித்துப் போய் வந்தார்கள்.

உங்கள் பிரச்சினை மான் இல்லை, பை. சோறு சுற்றிய தாளில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். மானுக்கு உப்பென்றால் உயிர். தாளோடு சேர்த்து விழுங்கும். இலை குழையை அசைபோட்டுச் செரிக்கிற வயிறு பொலித்தீனை என்ன செய்யும்? அது அங்கேயே திரண்டு கிடக்கும், மான் வயிறு நிறைந்ததென்று நினைத்துத் தின்பதை நிறுத்திவிடும். மதிய உணவு சுற்றும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள். நேற்று நான் வாங்கிய இடியப்பம் எதில் சுற்றியிருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சபையால் செய்யக்கூடியது, குப்பை வெளியே கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. என் வட்டாரத்தில் முயன்றேன். முதல்நாள் இரவே மதிலில் பையைத் தொங்கவிடும் பழக்கத்தை நிறுத்தி, காலை ஆறரைக்கு உழவு இயந்திரம் மணியடித்துக்கொண்டு வரும், அப்போது கொண்டுவந்து கொடுங்கள் என்று அறிவித்தோம். முதல் நாள் மணிச்சத்தம் கேட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் கையில் காசோடு ஓடிவந்தார்கள், ஐஸ்பழ வண்டி என்று நினைத்து. ஒரு குழந்தை அழுத அழுகைக்குச் சாரதி மணியைக் கழற்றிவிட்டார். பிறகு ஹோர்ன் அடித்தார்கள். கடலுக்குப் போய் விடியத் திரும்பிப் படுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் மணியுமில்லை, ஹோர்னுமில்லை; நேரம் மட்டும் தவறாமல் வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். உங்கள் உறுப்பினரிடம் மானைப் பிடிக்கச் சொல்லிக் கேட்காமல், வண்டி வருகிற நேரத்தைக் கேளுங்கள். அதுவரைக்கும் மூடியுள்ள வாளி. மதிலில் தொங்கவிட்டால் மான் பின்னங்காலில் எழும்பும்.

கோவில் ஒலிபெருக்கி விடிய நான்கரைக்குத் தொடங்குகிறது. வீட்டில் க.பொ.த. உயர்தரம் எழுதும் பிள்ளை. சொன்னால் சாமிக் குற்றம் என்கிறார்கள்.
*— பெயர் வேண்டாம்*

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டிருக்கிறது; எல்லா மதத்துக்கும் ஒரே கட்டளை. அனுமதி கொடுப்பதும் நிறுத்துவதும் பொலிஸ். ஆனால் முறைப்பாட்டுக்கு முன்னர் தர்மகர்த்தா வீட்டில் உயர்தரம் எழுதும் பிள்ளை இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் பக்கம் தெருவிளக்கு எரிந்து மூன்று மாதம். ரியூசன் முடிந்து பிள்ளைகள் ஏழு மணிக்கு நடந்து வருகிறார்கள். யாருக்கு, எப்படி எழுதுவது?
*— தாய் ஒருவர், அன்புவழிபுரம்*

மின்கம்பத்தில் ஒரு இலக்கம் இருக்கும். அதை எழுதுங்கள். ‘கடைக்கு முன்னால் உள்ள விளக்கு’ என்று எழுதினால், கடை பூட்டியிருக்கும் நாளில் வருகிற ஊழியர் எதைக் கண்டுபிடிப்பார்? இலக்கம், வீதி, எப்போதிலிருந்து எரியவில்லை, உங்கள் தொலைபேசி. நான்கு வரி. சபைச் செயலாளருக்கு. ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என் காலத்தில் விளக்குக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால், ஒன்று தெளிவாகத் தெரியும்: எழுதத் தெரிந்தவர் வீட்டு வாசலில் வெளிச்சம், எழுதாதவர் வாசலில் இருட்டு. இது சரிவராது என்று, ஒரு நாள் ரியூசன் முடிந்து வந்த பெண்பிள்ளைகளை வாசிகசாலையில் மறித்து, ‘பிள்ளைகள், நீங்கள் எங்கே வேகமாக நடப்பீர்கள்?’ என்று கேட்டேன். எங்கே இருட்டு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் 19 இடம் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. ‘நாய் முடக்கு’, ‘சாராய மதில்’, ‘உடைந்த வீடு’. அவற்றில் ஆறு இடத்தில் விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சம் முழுவதும் வேப்பமரத்துக்கு. கிளை வெட்ட ஒரு கத்தி போதுமானதாக இருந்தது. 31 வருடம் அந்த ஒழுங்கைகளில் பகலில் மட்டுமே போனவன் நான். எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த மாதம் சபையிடம் இருந்த மின்குமிழ் எட்டு. பிள்ளைகள் சொன்ன ஒழுங்கிலேயே எட்டையும் போடச் சொன்னேன். ஒரு கனவான் வந்து தன் படலைக்கு ஏன் இல்லை என்று கேட்டார். ‘உங்கள் படலையில் நீங்களே இரண்டு போட்டிருக்கிறீர்களே’ என்றேன். அடுத்த தேர்தல் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உரிய காலத்தில் வராமலே போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆதனவரியை ஜனவரியிலேயே கட்டினால் கழிவு உண்டென்பது உண்மையா?
*— வாசகர், லிங்கநகர்*

உண்மை. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்கு 10. காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் நூற்றுக்கு 5. எங்கள் வயதுக்காரருக்கு அது சோலைவரி. எந்தப் பெயரில் கட்டினாலும் அந்தப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு சபைக்குப் போய்ப் பேசினால் குரல் கொஞ்சம் உரத்து வரும்.

ஐந்து வருடத்தில் செய்ததை எல்லாம் எழுதுகிறீர்கள். செய்யாமல் விட்டது ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.
*— வாசகர், திருக்கடலூர்*

கேட்பீர்கள் என்று தெரியும். மதகைத் துப்பரவாக்கிய பிறகும் தண்ணீர் நின்றது என்று மேலே எழுதினேன் அல்லவா? காரணத்தை 2018 வைகாசியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஒழுங்கையின் நடுவில் ஒரு வளவு. லொறி உள்ளே போவதற்காகப் படலைக்கு முன்னால் வடிகானை மூடிக் கொங்கிரீட் தட்டுப் போட்டிருந்தார்கள். அடியில் தண்ணீர் போக வைத்திருந்தது ஒரு நாலு அங்குலக் குழாய். மேலேயிருந்து 14 வீட்டுத் தண்ணீர் வந்து அந்த நாலு அங்குலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மண் மூடியிருந்ததால் தட்டு ஒழுங்கையின் ஒரு பகுதி போலவே தெரிந்தது. கடிதம் கொண்டுபோன காலமெல்லாம் அதன் மேல்தான் நான் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன்.

வடிகானை மறித்தால் அகற்றும்படி அறிவித்தல் கொடுக்கச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. நான் ஒரு கடிதம் எழுதினால் போதும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்திருப்பார். எழுதவில்லை. அந்த வளவுக்காரர் என் மனைவி வழியில் உறவு, எனக்கு மச்சான் முறை. வளவுக்குள் மூன்று வீடு, பதினொரு வாக்கு. நான் வென்றது 38 வாக்கு வித்தியாசத்தில். கணக்கு எனக்கு வாய்ப்பாடம். ‘மாரி முடியட்டும், தையில் பேசுவோம்’ என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி. பிள்ளைகள் இல்லை. மாதம் தவறாமல் பிச்சைச் சம்பளம் என்று நாம் சொல்லும் அரச உதவிப் பணத்துக்கான அவருடைய கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். தண்ணீர் குசினிக்குள் ஏறி ஆறு நாள். நான் போனபோது கட்டிலின் மேல் தகரத்தை விரித்து, அதில் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் என்னை ஏசவில்லை. ‘தம்பி, கடிதம் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வரமாட்டாய் போல இருக்கிறது’ என்று மட்டும் சொன்னார். கஞ்சி குடிக்கிறாயா என்றும் கேட்டார்.

குடித்தேன். அடுத்த நாள் காலை கடிதம் எழுதினேன். தையில் அறிவித்தல் போயிற்று. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ஆள் பிடித்துத் தட்டை உடைத்தார். பதிலுக்கு ஒன்றரை அடி விட்டமுள்ள குழாய் வைத்தார், தன் செலவில். ‘முதலிலேயே என்னிடம் வந்து பேசியிருந்தால் அப்போதே செய்திருப்பேன்’ என்று மற்றவர்களிடம் சொன்னாராம். அது உண்மையாக இருக்கக்கூடும் என்பதுதான் எனக்கு இன்னும் குத்துகிறது. அந்தப் பதினொரு வாக்கும் எங்கே போயிருக்கும் என்று அறிய எனக்கு வாய்ப்பே வரவில்லை.

இப்போது அங்கே தண்ணீர் வருவதில்லையா என்று கேட்டால், வருகிறது. பெருமழைக்குக் கணுக்கால் அளவு வந்து, இரண்டு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். ஆனால் வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வடிகானின் வாயை மூடிவிடுகிறது. அப்போது ஒழுங்கைப் பெடியன்கள் சவளோடு போய் வெட்டிவிடுகிறார்கள். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று அவர்களிடம் நான் கேட்பதில்லை.

எனக்கு 27 வயது. அடுத்த முறை எங்கள் வட்டாரத்தில் போட்டியிட ஆசை. கட்சிப் பின்னணி இல்லை. என்ன செய்ய வேண்டும் ஐயா?
*— வாசகி, ஜமாலியா*

சட்டத்தை முதலில் சொல்கிறேன், பிள்ளை. உறுப்பினர்களில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்திலிருந்து, 40 பேர் கட்சிகளும் குழுக்களும் கொடுக்கும் பட்டியலிலிருந்து வருகிறார்கள். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு. கட்சி இல்லாவிட்டால் சுயேச்சைக் குழுவாகக் கேட்கலாம். ஆனால் தனி ஆளாக முடியாது, குழுவாகத்தான். ஆகவே உங்களோடு சேர்ந்து கையொப்பம் வைக்கக்கூடிய ஆட்களை இப்போதே தேடுங்கள். பெண்களைப் பட்டியலில் போட்டு எண்ணிக்கையை நிரப்பப் பார்ப்பார்கள். நீங்கள் வட்டாரத்தைக் கேளுங்கள். வட்டாரத்தில் வென்றவரிடம்தான் வடிகானுக்கு ஆட்கள் வருவார்கள்.

அதற்கு முன்னர் சபை அமர்வு ஒன்றுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஒரு மணித்தியாலம் அனுதாபப் பிரேரணையிலும் வாழ்த்துப் பிரேரணையிலும் போகும். பொறுத்திருங்கள். பிறகு ஒருவர் எழும்பி ஒரு மதகைப் பற்றிப் பேசுவார், யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்துக்குக் கடந்த வருடம் என்ன ஒதுக்கினார்கள், என்ன செலவானது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் ஓட்டத் தெரியுமா? மோட்டார் சைக்கிளில் போனால் மதில்தான் தெரியும்.

உங்களை நேரில் சந்திக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு வரலாம்?
*— பலர்*

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடையில் காலை ஆறே முக்காலுக்கு இருப்பேன், ஞாயிறு தவிர. வடை சூடாக இருக்கும் நேரம் அது. விளக்கென்றால் கம்ப இலக்கத்தோடு வாருங்கள். வடிகானென்றால் அது எங்கே போய் முடிகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.